அடக்கமில்லாத சூசைமேரி

ஆவூர்ப் பக்கம் போய் சூசைமேரியைப் பற்றிக் கேட்டால், "அந்த அடக்கமில்லாதவளா?" என்பார்கள். ஆமாம், அவளேதான். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு அப்புறம் பேசட்டும்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் ஆரோக்கியமுத்து, கோயில் மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவான். சொன்ன சொல்லையே திருப்பித் திருப்பிக் கத்துவான். மிரண்டால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வான். அவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றது ஊர். மூத்தவள் ஞானசெல்வி யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். கேட்டதற்குப் பதில் வராது. விருந்தாளி வந்தால் நெல் குதிருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவளை மட்டும் "என்ன அடக்கம், என்ன அடக்கம்" என்று ஊரே கொண்டாடியது. கூத்தைப் பாருங்கள், பையனுக்கு வந்தால் பேய், பெண்ணுக்கு வந்தால் குணம்.

சூசைமேரியும் ஊரோடு சேர்ந்து அப்படித்தான் நம்பியிருந்தாள். மகனிடம் மட்டும் பழகிப் பழகி ஒரு வழி கண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து கேட்டால் கத்துவான். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பாராமல், கடலை உரித்துக்கொண்டே கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்வான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் நாத்தனார் சந்தனமேரி, பொன்னமராவதிப் பக்கமிருந்து ஞானசெல்விக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். பெரிய குடும்பம். சூசைமேரியின் புருஷன் அடைக்கலராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் சூசைமேரி மகளை எதிரே நிறுத்தி, "ஒனக்குச் சம்மதமா தாயி?" என்று கேட்டாள். ஞானசெல்வி மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய்க் கடித்தாள். அந்த இடம் காய்த்துப் போயிருந்தது. மகனுக்கும் அதே இடத்தில் அதே காய்ப்பு. செத்துப்போன தன் தம்பிக்கும் அப்படி இருந்தது அப்போதுதான் சூசைமேரிக்கு நினைவு வந்தது.

முறத்தில் கடலையை அள்ளிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தபடி, "அந்த வீட்டுக்குப் போறியா?" என்றாள்.

"அங்க நெறையப் பேரு. எல்லாரும் எம் மூஞ்சியப் பாப்பாக. எனக்கு மேலெல்லாம் எரியும். போமாட்டேன் ஆத்தா."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"இப்புடி யாரும் கேக்கல."

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே, "இப்புடி அடக்கமான பொண்ணு இந்தச் சீமையிலயே கெடையாது" என்றாள். நிலைப்படிக்குள் நின்ற சூசைமேரி வெளியே வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதுவரை வாய் திறந்தவளில்லை.

"அது அடக்கம் இல்லீங்க. எம் மகனுக்கு இருக்கிறதுதான் இவளுக்கும். எந் தம்பிக்கும் இருந்துச்சு, எங்க வீட்டு ரத்தம். அவன் வெளிய கத்துறான், இவ உள்ளுக்குள்ள கத்துறா. மறைச்சுக் கட்டிக்குடுக்க எனக்கு மனசில்ல, அவளும் வேணாங்கிறா. அடக்கம் அடக்கம்னு சொல்லி எம் பிள்ளைய உசுரோட அடக்கம் பண்ணிராதீங்க."

வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "நல்ல காரியத்துல கல்லறைப் பேச்சா? அடக்கமில்லாதவளே!" என்று சந்தனமேரி மண்ணை வாரித் தூற்றினாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பட்டம் ஒட்டிக்கொண்டது.

அடைக்கலராஜ் சூசைமேரியோடு பேசுவதை நிறுத்தினார். அறுவடை முடிந்து விதைக்கடலை உரிக்கும் நாளில், என்ன தோன்றியதோ, மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் உரித்தார். பிறகு முறத்தைப் பார்த்தபடியே, "ஏந் தாயி, ஒங்க ஆத்தா செஞ்சது சரியா?" என்று கேட்டார்.

"ஆத்தா அடக்கமில்லாதவ" என்றாள் ஞானசெல்வி. இரண்டு கடலை உரித்தாள். "அதுனாலதான் நான் இங்கன இருக்கேன்."

மகள் தன்னிடம் இவ்வளவு பேசி அடைக்கலராஜ் கேட்டதே இல்லை. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்படியில் நின்ற சூசைமேரிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று முதல் தெருவில் யாராவது அந்தப் பட்டத்தைச் சொன்னால், "என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்று நிமிர்ந்து நின்று கேட்பாள்.