பேக்கரிக்காரரின் நீலக் கார்

எங்கள் பகுதியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். நானும் வாங்கியிருக்கிறேன். பயிற்சிப் பள்ளியின் சின்ன வெள்ளைக் காரில், ஓட்டப் பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் அக்கா உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நம் கண்ணுக்கு ஆபத்து தெரிவதற்கு முன்பே அது அமுங்கிவிடும். நம் நெற்றி முன்னால் போய்த் திரும்பி வரும். "தூங்குறியா?" என்பார். அப்படி வந்ததுதான் அந்தப் பெயர்.

அடுத்தவர் எப்போது தப்புப் பண்ணுவார் என்று காத்துக்கொண்டே இருக்கிற வேலை அது. ஐம்பது வயதுக்குள் அது அவர் உடம்பிலேயே ஏறிவிட்டது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் வலது பாதம் தரையில் படாமல் தூக்கியே நிற்குமாம். அவர் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அந்த மனிதரும் லேசுப்பட்டவரில்லை. நூலகத்தில் வேலை. குடை எடுக்காமல் வெளியே கிளம்பமாட்டார், எடுத்தால் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடுமோ என்று கவலைப்படுவார்.

இப்படிப்பட்ட இருவர் பன்னிரண்டு வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கிளம்பினார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கிளம்பினார்கள்.

ஆசை அக்காவுடையது. ஒரு மாணவி தேர்வில் தேறிய சந்தோஷத்தில் தன் அப்பாவின் காரை அக்காவிடம் கொடுத்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தாள். நான்கு கதவு, அளவான உடம்பு, உள்ளே ஆறு சிலிண்டர் எஞ்சின், பின்சக்கரங்கள் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. தெருமுனையில் திரும்பியபோது கார் தன் மனதைப் படித்துத் திரும்பியதுபோல் இருந்தது என்றார் அக்கா. புதிதாக வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அதே மாதிரி பழசு ஒன்று, அடர்நீலம், ஒரே கையில் இருந்தது, விற்பனைக்கு வந்திருக்கிறது என்று இணையத்தில் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரர் அந்த வண்டியைப் பற்றி யார் யார் எங்கெங்கே புலம்பியிருக்கிறார்களோ அத்தனையையும் தேடிப் படித்தார். படித்ததை வாசித்தும் காட்டினார்.

"டைமிங் செயின் அறுந்துச்சுன்னா எஞ்சினே போச்சாம்."

"சரிங்க."

"தண்ணி பம்ப் சொல்லாமக் கொள்ளாமப் போயிடுமாம். நடுரோட்ல."

"சரிங்க."

"ஒருத்தன் வாங்கின விலையை விட ரிப்பேருக்கு அதிகமா அழுதிருக்கான்."

"போதும், மூடி வைங்க அதை," என்றார் அக்கா. ஆனால் அன்று குளிக்கும்போதும் செயின் அறுகிற சத்தம் எப்படி இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாராம்.

விற்பவர் ஒரு பேக்கரிக்காரர். எழுபதைத் தொட்டவர். மனைவி இல்லை. கடையை இப்போது மகள் நடத்துகிறார். விளம்பரம் போட்டது அந்த மகள்தான் என்பது போனபிறகுதான் தெரிந்தது. கார் ஷெட்டுக்குள் கண்ணாடிபோல் துடைத்து நின்றது. அக்கா முதலில் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு. பழைய எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பினால்தான் அதன் வண்டவாளம் வெளியே வரும். வாங்க ஆள் வரும்போது முன்கூட்டியே சூடாக்கி வைப்பது பழைய தந்திரம்.

"இப்பத்தான் எடுத்தீங்களா?"

"தினமும் விடியக்காலையில கடைக்குப் போவேன். இப்பதான் வந்தேன்," என்றார் அவர். பிறகு யாரும் கேட்காமலே குறைகளை அடுக்க ஆரம்பித்தார். ஏசி ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. பின்சீட்டில் உட்கார்ந்தால் முதுகு போய்விடும். பெட்ரோல் குடிக்கும், எண்ணெயும் குடிக்கும். "யோசிச்சு வாங்குங்க. இது உங்களுக்குச் சரிப்பட்டு வராதுன்னு தோணுது."

அக்காவுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. விற்க வந்தவன் பொருளைப் புகழ்வான். இவரோ திட்டுகிறார். இதைவிடப் பெரியதாக எதையோ மறைக்கிறாரா? வீட்டுக்காரர் அக்காவின் முழங்கையைப் பிடித்து, "போயிடலாமா?" என்று கிசுகிசுத்தார்.

"ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டார் அக்கா.

"முதல்ல நான் ஓட்டிக் காட்டுறேன். இவளோட குணம் எனக்குத்தான் தெரியும்," என்று பேக்கரிக்காரர் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டார்.

வீட்டுக்காரர் பின்னால் ஏறினார். அக்கா வழக்கம்போல் பக்கத்து இருக்கையில். எஞ்சின் மெல்லிய உறுமலோடு பிடித்தது. அக்கா கண்ணை மூடி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். எங்காவது உலோகம் உரசுகிறதா, எங்காவது கடகடக்கிறதா. ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தபோது, இடப்பக்கம் ஓரமாக நின்ற ஒரு வேனின் கண்ணாடிக்கும் தங்கள் கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளிதான் இருந்தது. பெரியவருக்கு வண்டி பழக்கம், அதனால் இப்படி ஒட்டி ஓட்டுகிறார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். அடுத்த வண்டியையும் அதே மாதிரி உரசாத குறையாகக் கடந்தார். அதற்கடுத்து, தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்த ஒரு சின்ன லாரி. அதன் பின்னாலிருந்து, தோளில் கேனோடு ஒருவன் சாலையில் கால் வைத்தான். இடப்பக்கம்தான். நல்ல வெளிச்சம்.

பேக்கரிக்காரரின் கால் ஆக்ஸிலரேட்டரைவிட்டு எழவே இல்லை.

அக்கா ஓங்கி மிதித்தார். காலுக்குக் கீழே வெறும் மிதியடி. அந்த நொடியில் தன் ரத்தமெல்லாம் எங்கோ வடிந்துவிட்டதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார். ஒரு கையால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் தள்ளி, மறு கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். டயர் கத்தியது. கார் சாலையின் குறுக்கே பாதி திரும்பி நின்றது. கேன் கீழே விழுந்து உருண்டது. அந்த ஆள் அசையாமல் நின்றான். அப்புறம்தான் வாய் திறந்து திட்ட ஆரம்பித்தான். பின்னாலிருந்து வீட்டுக்காரர், "ஐயோ, ஐயோ" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

பேக்கரிக்காரர் அக்காவை முறைத்தார். "என்ன பண்றீங்க? எதுக்கு இழுத்தீங்க?"

"ஆள் வந்தாரே!"

"எந்த ஆள்?"

அக்காவுக்கு அப்போது விளங்கிவிட்டது. தாமதமாகப் பார்க்கிறவர்களை அவருக்குத் தெரியும், பார்த்தும் பதறி உறைந்துபோகிறவர்களையும் தெரியும். இவர் பார்க்கவே இல்லை.

இடம் மாறி உட்காரச் சொல்லி, அக்காவே ஓட்டிக்கொண்டு திரும்பினார். கனவு கண்ட வண்டியின் ஸ்டீயரிங் கையில் இருந்தது. ஆனால் அது தோலா பிளாஸ்டிக்கா என்றுகூட அவர் கவனிக்கவில்லை. ஷெட்டில் நிறுத்திவிட்டு, பெரியவரை நேராகப் பார்க்கச் சொல்லி, அவருடைய இடப்பக்கம் விரல்களை நீட்டினார்.

"எத்தனை விரல்?"

"ஏம்மா, கார் வாங்க வந்தீங்களா, எனக்குக் கண்ணு பார்க்க வந்தீங்களா?"

"சொல்லுங்க ஐயா."

அவர் தலையைத் திருப்பப் பார்த்தார். அக்கா திருப்பவிடவில்லை. பிறகு அவர் ஒரு பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தார். சில மாதமாகவே ஓரத்திலிருந்து ஒரு திரை இழுத்து வருகிறதுபோல் இருக்கிறது என்றார். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தாராம். பிறகு நினைக்காமலே இருந்துவிட்டாராம். மகளுக்குத் தெரியாது. வயசாகிவிட்டது, இவ்வளவு பெரிய எஞ்சின் எதற்கு என்றுதான் அவள் விற்கச் சொல்கிறாள். வாங்க வருகிறவர்களையெல்லாம் இவர் வண்டியைக் குறை சொல்லியே விரட்டிக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றார். "சொன்னா கடைக்குள்ளயும் விடமாட்டா. வண்டியை நீங்களே எடுத்துக்கங்க. பாதி விலைக்குத் தர்றேன். ஒரு மாசம் மட்டும் நான் ஓட்டிட்டுத் தந்துடுறேன்."

பாதி விலை. வீட்டுக்காரரே விரல்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அக்கா, "வர்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அன்று முழுக்க வீட்டில் வாக்குவாதம்கூட இல்லை. இருவரும் ஒரே விஷயத்தை யோசித்துக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த குடும்பத்து விஷயத்தில் தலையிடலாமா? அந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான் என்றால்? தாங்கள் நினைப்பது தப்பாக இருந்துவிட்டால்? மறுநாள் காலை வகுப்பில் அக்காவும் ஓட்டப் பழகுகிற ஒருவரும் ஒரு பள்ளிப் பேருந்து நிறுத்தத்தைக் கடந்தார்கள். இடப்பக்க ஓரத்தில் பிள்ளைகள் வரிசையாகப் பை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்று வரிசையைவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். பாடத்தைப் பாதியில் நிறுத்தியது அவர் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. நேராகப் பேக்கரிக்குப் போனார்.

மகள் கல்லாவில் இருந்தார். கையெல்லாம் மாவு. அக்கா சொன்னதைக் கேட்டு முகம் இறுகியது.

"விலை படியலேன்னா படியலைன்னு சொல்லிட்டுப் போங்களேன். எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியலைன்னு கதை கட்டணுமா?"

கடையில் ரொட்டி வாங்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குக் காது சிவந்துவிட்டது. "நீங்க அவர் இடப்பக்கமா போய் நில்லுங்க. கூப்பிடாம நில்லுங்க. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வரும் வழியெல்லாம் அழுகையும் ஆத்திரமும்.

அதன்பிறகு யாரிடமிருந்தும் பேச்சே இல்லை. விளம்பரமும் காணாமல் போய்விட்டது. கார் வேறு கைக்குப் போய்விட்டது என்று அக்கா முடிவு கட்டினார். அதைவிட, ஒரு கிழவரின் வீட்டில் நெருப்பு வைத்துவிட்டோமோ என்ற பயம்தான் அவரை அரித்தது. செய்தித்தாளில் விபத்துச் செய்தி வரும் பக்கத்தை முதலில் புரட்டுவார். நீல வண்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காபி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பேக்கரிக்காரரே பேசினார். மகள் அவருடைய இடப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. போன பார்வை போனதுதான், திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்து காப்பாற்றும் என்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மிச்சமும் இல்லை.

"நாலு நாள் மககூடப் பேசலை. உங்களையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்," என்றார். "வண்டியை வந்து எடுத்துட்டுப் போங்க. ஆனா முழு விலை. காட்டிக் கொடுத்தவங்களுக்கெல்லாம் தள்ளுபடி கிடையாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பழைய பயம் திரும்பிவிட்டது. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். மெக்கானிக் டார்ச்சோடு அடியில் படுத்து, "எண்ணெய் கசியுதுக்கா. முன்னாடி ரப்பரெல்லாம் வெடிச்சிருக்கு," என்று குரல் கொடுத்தார். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "செயின் நல்லா இருக்கு. தைரியமா எடுங்க. ஆனா எடுத்ததும் என்கிட்ட ஒரு வாரம் விட்டுடுங்க."

சாவியைக் கொடுக்கும்போது பேக்கரிக்காரர் காரைத் தடவவுமில்லை, கண் கலங்கவுமில்லை. உள்ளே போய் ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்து பின்சீட்டில் வைத்துவிட்டு, "தூள் சிந்தாமச் சாப்பிடுங்க," என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். மகள் வாசல்வரை வந்து நின்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார், மாவு ஒட்டிக்கொண்டது.

ரிப்பேர் முடிந்து வண்டி வந்தது. ஆனாலும் அக்கா நிம்மதியாக இருக்கிறார் என்று சொன்னால் அது பொய். எங்கே நிறுத்தினாலும் மூன்று தடவை திரும்பிப் பார்ப்பார். டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தால் மெக்கானிக்குக்கு உடனே போன். டயரில் காற்றுக் குறைவு என்பதற்கு ஒருமுறை அரைநாள் விடுப்பு எடுத்திருக்கிறார்.

போன மாதம் விடுமுறை நாள் ஒன்றில் தனியாகக் கிளம்பிப் புறவழிச்சாலைக்குப் போயிருக்கிறார். சாலை காலியாக இருந்திருக்கிறது. கொஞ்சம் மிதித்திருக்கிறார். இன்னும் கொஞ்சம். முதுகு இருக்கையோடு ஒட்டியது, திரும்ப வேண்டிய வளைவு போயே போய்விட்டது. அடுத்த வளைவும் போய்விட்டது. பேர் தெரியாத ஏதோ ஊரின் பெட்ரோல் பங்கில் போய் நிறுத்தியபோதுதான் வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"எங்க இருக்க?"

"தெரியலைங்க," என்றார் அக்கா. "கேட்டுச் சொல்றேன்."

பங்கில் இருந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "சூப்பர் வண்டிங்க. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டாராம்.

"அதை மட்டும் கேட்காதீங்க," என்றாராம் அக்கா. "டேங்கை ரொப்புங்க."