தம்பிக்கு வேறு விமானம்

தெருவில் எல்லோரும் அவளை டிக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் குறுகலான படியேறிப் போனால் வரும் ஒற்றை அறைதான் அவள் வேலை பார்க்கும் டிராவல்ஸ். இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் வெளுத்துப்போன விமானப் படங்கள். முதலாளி வெளியே சுற்றுகிற ஆள். வருகிறவர்களிடம் பேசி, பயத்தைப் போக்கி, டிக்கெட்டைக் கையில் கொடுத்தனுப்புவது இவள் பாடு. முதல் தடவை பறப்பவர்கள் ஜன்னல் திறக்குமா என்பார்கள். பாதி வழியில் இறங்கிக்கொள்ளலாமா என்று கேட்ட பெரியவர்கூட உண்டு. எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள்.

"எல்லா பிளேனும் ஒண்ணுதானே அக்கா?" என்று யாராவது கேட்டால், "ஒண்ணுதான். உலகம் பூரா ஒரே சட்டம்தான்" என்பாள்.

அது பாதி உண்மை. விதிகள் என்னவோ எல்லா நாட்டுக்கும் பொதுவாக எழுதி வைத்தவைதான். அவற்றைச் சரிபார்க்கிற கண்டிப்புதான் நாட்டுக்கு நாடு வேறு. ஓரிடத்தில் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து விமானத்தைச் சோதிப்பார். இன்னோரிடத்தில் அந்த வேலைக்குப் போதுமான ஆளே இருக்காது. அவர்கள் கடையில் அதிகம் விற்கும் கம்பெனி ஒன்றை, அதன் சொந்த நாட்டில் கண்காணிப்பு சரியில்லை என்று சொல்லி, தூரத்து நாடுகள் சில தங்கள் வானத்துக்குள்ளேயே விடுவதில்லை. செய்தி வந்த அன்றே அவள் முதலாளியிடம் கேட்டாள்.

"அவங்க ஊருக்கு வரக்கூடாதுன்னாங்க. நம்ம ஊருக்கு வரக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? தினம் போகுது, தினம் வருது. நீ ஏன் கிளப்பி விடுறே?" என்றார் அவர்.

அதற்கு மேல் அவள் கிளப்பவில்லை.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரர். அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டுப் பழக்கம். வெளிநாட்டில் அவர்கள் மகளுக்குத் தலைப்பிரசவம் ஆகி, கைக்குழந்தையோடு தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். இருவரும் கிளம்பினார்கள். அண்ணிக்கு இரண்டு முழங்காலும் மக்கர். கடைத்தெருவுக்குப் போய் வரவே நாலு இடத்தில் உட்காருவார். மகள் இருக்கும் நகரத்துக்கு எங்கும் மாறாமல் நேராகப் போகும் ஒரே விமானம் அந்தக் கம்பெனியுடையதுதான். அதிலேயே போட்டுக் கொடுத்தாள்.

"நல்ல பிளேன்தானேம்மா?"

"கண்ணை மூடிட்டு ஏறுங்கண்ணே."

அதே சமயம் அவள் தம்பிக்கும் அதே நகரத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. அவனுக்கு டிக்கெட் போட உட்கார்ந்தபோது கை தானாக வேறு கம்பெனிக்குப் போனது. நடுவில் ஓர் ஊரில் இறங்கி, பாதி நாள் காத்துக் கிடந்து, அடுத்ததைப் பிடிக்க வேண்டும். தம்பி முணுமுணுத்தான். "பேசாம போடா" என்று அடக்கிவிட்டாள். என்ன செய்கிறோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

உறைத்தது, தையல்காரர் சிரித்த முகத்தோடு வாசலில் வந்து நின்றபோதுதான். "தம்பியும் அங்கதான் போறானாமே! எங்க கூடவே அனுப்பி விடும்மா. எங்களுக்கு அந்த ஊர் பாஷையும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. புள்ள பக்கத்துல இருந்தா தெம்பா இருக்கும்."

"இல்லண்ணே... அவனுக்கு ஆஸ்பத்திரியிலேயே டிக்கெட் எடுத்துட்டாங்க. மாத்த முடியாதாம்."

"அப்படியா? சரி, விடு" என்று அவர் போய்விட்டார். உள்ளே நின்ற தம்பி அக்காவை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான்.

அப்போதும் அவர்கள் டிக்கெட்டை மாற்றிக் கொடுத்திருக்கலாம். அண்ணியின் முழங்காலைச் சாக்குச் சொல்லித் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அவர்கள் பறந்த அன்று பகலெல்லாம் அவளுக்கு வேலையே ஓடவில்லை. யாருக்கோ போட வேண்டிய டிக்கெட்டில் வேறு யார் பெயரையோ அடித்தாள். விமானம் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

மகள் வீட்டிலிருந்து அண்ணி போன் பண்ணினார். "பிளேன்ல ஏத்தி இறக்கிவிட்டு எப்படிக் கவனிச்சாங்க தெரியுமா! நீ நல்லா இருக்கணும்டி."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. திரும்பி வரும் டிக்கெட்டும் அதே கம்பெனியில்தான் இருந்தது.

நாளைக் கடத்திக் கடத்தி, கடைசியில் அவளே கூப்பிட்டாள். "அண்ணே, அந்த பிளேன் நேரம் மாறிடுச்சு. வேறதுல போட்டுத் தர்றேன். நடுவுல ஒரு இடத்துல மாறணும்."

"நேரம் மாறினா மாறட்டும். உங்க அண்ணியால ஏறி இறங்க முடியாதும்மா. அதுலயே வந்துடறோம்."

இன்னொரு பொய் கையிருப்பில் இல்லை. "தம்பிக்கு டிக்கெட் எடுத்தது ஆஸ்பத்திரி இல்லண்ணே. நான்தான். அந்தக் கம்பெனியில அவனை ஏத்த எனக்கு மனசு வரல." தூரத்து நாடுகள் போட்ட தடையைப் பற்றியும் சொன்னாள். "விழுந்துடும்னு சொல்லல. தினம் நல்லாத்தான் போயிட்டு வருது. ஆனா சரியா செக் பண்றாங்களான்னு தெரியல. அதை உங்ககிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அந்தப் பக்கம் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போல. அண்ணியின் குரல் வந்தது.

"அப்போ எங்களை மட்டும் எப்படிடி மனசு வந்து ஏத்துனே?"

"தெரியல அண்ணி."

போன் வைக்கப்பட்டது. மறுநாள் மகள்தான் பேசினாள்: டிக்கெட்டை மாற்றிவிடச் சொல்லி, இரண்டே வார்த்தை. வழியில் எல்லா இடத்திலும் இவள் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்தாள். அங்கே இருந்த தம்பியை லீவு போடச் சொல்லி வழியனுப்ப அனுப்பினாள். அவர்கள் வந்திறங்கிய அன்று தானே விமான நிலையத்தில் போய் நின்றாள். அண்ணிக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. "வந்துட்டோம்மா" என்றார் தையல்காரர். அண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு, கேட்பவர்களிடம் தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். சிலர் வேறு விமானம் கேட்பார்கள். சிலர், அவசரம் அக்கா, பரவாயில்லை என்று அதிலேயே போவார்கள். முதலாளி கொஞ்ச நாள் கத்தினார், பிறகு விட்டுவிட்டார்.

அண்ணியும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். பேத்திக்குப் பல் முளைத்தது, குழாயில் தண்ணீர் வராதது, இப்படி. விமானப் பேச்சு மட்டும் வராது.

"மன்னிச்சுட்டாங்களா?" என்று ஒரு நாள் அவள் கணவர் கேட்டார்.

"பேசறாங்க" என்றாள்.