கண்ணுக்குக் கட்டிய பட்டு

காலை ஆறே காலுக்கு ஆரணியில் வேலூர் பஸ் ஏறினோம், நானும் என் ஆறு வயது மகள் ரேணுவும். எழுபத்தொன்பதாம் வருஷம், ஆடி மாதம். சுமார் நாற்பது கிலோமீட்டர் வழி. எனக்கு டிக்கெட் இரண்டே முக்கால் ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட்.

விளையாட்டில் குச்சி குத்தி அவளுடைய இடது கண்ணில் புரை விழுந்தது. தை மாதம் வேலூரில் ஆபரேஷன் செய்து சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். "நல்ல கண்ணை தினம் நாலு மணி நேரம் மூடி வைங்க. அப்பத்தான் இந்தக் கண்ணு பாக்கப் பழகும். இல்லாட்டி கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்ல" என்றார் டாக்டரம்மா. எவ்வளவு பழகியிருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறார்.

நல்ல கண்ணை மூட அவர்கள் கொடுத்த பிளாஸ்திரியைப் பிய்க்கும்போதெல்லாம் தோல் சிவந்து பிள்ளை அலறினாள். நெசவுக்காரன் வீட்டில் பட்டுக்கா பஞ்சம்? மெல்லிய பச்சைப் பட்டில் ஒரு துண்டு வெட்டி, நாடா வைத்துத் தைத்துக் கட்டிவிட்டேன். அப்புறம் அழுகையே இல்லை. கட்டோடு ஓடினாள், ஆடினாள். தெருவே என் கைவேலையை மெச்சியது, நானும் மெச்சிக்கொண்டேன். டாக்டரம்மாவும் பார்க்கட்டுமே என்று இன்றும் அதைக் கட்டித்தான் கூட்டிப் போனேன்.

ஏழு மணி, கண்ணமங்கலம். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாங்க, பாப்பாவுக்குக் கண்ணு வலியா?"

"ஆபரேஷன் ஆயிக்கீதுங்க. இப்ப நல்லா பாக்குது. ரேணு, மாமா சட்டை இன்னா கலரு, சொல்லு."

"பச்சை."

அவர் போட்டிருந்தது காக்கி. "நல்லா பாத்து சொல்லும்மா" என்றேன்.

"எல்லாமே பச்சையாத்தான் கீது நைனா. இதக் கட்டுனா அப்பிடித்தானே தெரியும்?"

துணியை அவிழ்த்து என் கண்ணில் வைத்துப் பார்த்தேன். கண்டக்டர், ஜன்னல் கம்பி, வெளியே மேயும் எருமை, எல்லாம் பச்சையாகத் தெரிந்தன. அடப் பாவி! ஆறு மாதமாக நல்ல கண்தான் பட்டு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆபரேஷன் செய்த கண் சும்மாவே கிடந்திருக்கிறது.

"பேஜாராவாதீங்க. டாக்டராண்ட உள்ளதைச் சொல்லிடுங்க" என்றார் கண்டக்டர். பொய் சொல்லலாமா என்று வேலூர் வரை யோசித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

பத்தரை மணி. டாக்டரம்மா ரேணுவின் நல்ல கண்ணைக் கையால் மூடி விரல்களைக் காட்டினார். விரல்கள் நாலடிக்கு அப்பால் போனதும் அவள் குத்துமதிப்பாகச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"வயசு இருக்கு, இன்னும் பழக்கலாம். ஆனா போன ஆறு மாசம் போனதுதான்" என்று சொல்லி நல்ல கண்ணின் மேல் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினார்.

மதியம் மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். படி தெரியாமல் தடுக்கினாள். சீட்டைத் தடவித் தடவி உட்கார்ந்தாள்.

"நைனா, சரியாவே தெரியல. பயமா கீது. அந்தப் பட்டுத்துணியவே கட்டி வுடு நைனா."

"வேணாம்மா" என்றேன். அவள் கேட்டு நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"புள்ளை துடிக்குது, பாத்துகினு குந்திகீறியே! இன்னா மனுஷன்யா நீ? அதப் பிச்சுப் போடேன்" என்றாள் எதிர் சீட்டுக்கார அம்மாள்.

பிய்த்துவிடாதபடி என் மகளின் இரண்டு கைகளையும் ஆரணி வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.