இடது காலுக்கு லீவு

சென்ற வாரம் நான் லாரியில் போனேன். பன்னிரண்டு சக்கர லாரி! பின்னால் கோழித் தீவனத்துக்குப் போகிற கருவாட்டு மூட்டைகள், ஸ்டியரிங்கில் என் வீட்டுக்காரர் சேகர், பக்கத்து சீட்டில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான். ஜெகதாப்பட்டினத்தில் ஏற்றிய லோடு மணப்பாறை போய்ச் சேர வேண்டும்.

இவளுக்கு எதுக்கு இந்த வேலை என்கிறீர்களா? சொல்கிறேன்.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன். காலமெல்லாம் க்ளட்ச் மிதித்தே தேய்ந்துபோன மூட்டு. "இனிமே க்ளட்ச் மிதிக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர். லாரி டிரைவரிடம் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? வேலைக்குப் போகாதே என்றுதானே!

மனுஷர் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். ரோட்டில் லாரி போனால், டிவியைப் பார்த்துக்கொண்டே, "மூணாவது கியர்ல இழுக்கிறான் பாரு" என்பார்.

அப்போதுதான் அவருடைய பழைய முதலாளி ஒரு புது லாரி வாங்கினார். க்ளட்ச் பெடலே இல்லாத லாரி! கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். மற்ற டிரைவர்கள் யாரும் தொடவில்லை. "கியர் தானா விழுற வண்டி எங்கிட்டு கொண்டுபோய் விடுமோ?" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். முதலாளி இவருக்குப் போன் போட்டார்.

"சேகரு, ஒரு ட்ரிப் ஓட்டிப் பாரு. ஒத்துவந்தா வண்டி ஒனக்கு. இல்லைன்னா மனசுல வச்சுக்காதே, நான் வேற ஆள் பாத்துக்கிறேன்."

ஒரே ஒரு ட்ரிப்... அதில்தான் எல்லாம் இருந்தது. வழியில் மூட்டு மக்கர் பண்ணினால் என்ன செய்வது? நானும் ஏறிக்கொண்டேன்.

கிளம்பும்போதே பாடம் ஆரம்பித்துவிட்டார். முதலில் ஏர் டேங்க் வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியே விட்டார். "காத்தோட அழுத்தத்துலதான் இதுல கியர் விழுது. தண்ணி சேர்ந்துச்சுன்னா வண்டி நடுரோட்டுல நம்ம மானத்த வாங்கிரும்" என்றார். அப்புறம் மேட்டில் நிற்கும்போது பிரேக்கில்தான் நிற்க வேண்டுமாம். ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்து நின்றால் உள்ளே க்ளட்ச் கருகிவிடுமாம்.

"க்ளட்ச்தான் இல்லைன்னீங்களே?"

"பெடல்தான் இல்ல. க்ளட்ச் உள்ள இருக்கு. அத மிதிக்கிறது கம்ப்யூட்டர்."

அந்தக் கம்ப்யூட்டர் நல்லா இருக்கட்டும் என்று அப்போதே வாழ்த்திவிட்டேன். இத்தனை காலம் கழித்து இவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறேனே!

புதுக்கோட்டை தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. அன்னவாசல் கடைத்தெருவில்தான் வந்தது வினை. முன்னால் ஸ்பீடு பிரேக்கர். வேகம் குறைந்ததும், பழகிப்போன இடது கால் க்ளட்சைத் தேடியது. க்ளட்ச் ஏது? பிரேக்கை ஓங்கி ஒரு மிதி!

லாரி கிறீச்சென்ற சத்தத்தோடு நின்றது. நான் டாஷ்போர்டில் போய் மோதினேன். பின்னால் மொபெட்டில் வந்த பால்காரர் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சரிந்து விழுந்தார். பால் ரோட்டில் ஓடியது. நல்லவேளை, அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அய்யனார் சாமி காப்பாற்றினார்.

"யோவ், குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்தப் பாத்தியே!" என்று கத்தினார் பால்காரர். அவர் கத்தியது நியாயம்தானே?

கூட்டம் கூடிவிட்டது. அன்னவாசல் எங்கள் சொந்த ஊர் வேறு, எல்லோரும் தெரிந்தவர்கள்... கேட்க வேண்டுமா? "டிரைவர் என்ன பண்ணுவாரு? வண்டி அப்படி. கியர் இல்லாத வண்டிய எவன் நம்புவான்?" என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் முதலாளிக்குப் போன் போடவே நம்பர் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான் இவர் காதில் சொன்னேன். "ஏங்க, அவங்க சொல்றதே இருக்கட்டும். வண்டிக் கோளாறுன்னே விட்டுருங்க."

முறைத்தார் பாருங்கள் ஒரு முறை! "வண்டி மேல என்ன தப்பு? என் கால் மேல தப்பு" என்று பால்காரர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு தானே முதலாளிக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னார்.

"சரி, லோட எறக்கிட்டு வா. பேசிக்குவோம்" என்றதோடு போனைக் கட் பண்ணிவிட்டார் முதலாளி.

பேசிக்குவோம் என்றால்? போச்சு என்றுதான் நினைத்தேன். இவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வண்டியை எடுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தார். எனக்கோ அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"மொதல்ல அந்த இடது கால் செருப்பக் கழட்டுங்க" என்றேன்.

"எதுக்குடி?"

"நம்ம வீட்டுக்குள்ள செருப்பக் கழட்டிட்டு வந்தப்புறம் ஒங்க கால் என்னைக்காவது ஒரு வேலை செஞ்சிருக்கா?"

அத்தனை கவலையிலும் சிரித்துவிட்டார். ஆனாலும் கழற்றினார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. விராலிமலை வரை இடது கால் இரண்டு தடவை லேசாக எழுந்தது. பிரேக் பெடலின் ரப்பர் விளிம்பு வெறுங்காலில் பட்டதும் சட்டென்று இறங்கிக்கொண்டது. அதற்கப்புறம் அசையவே இல்லை. புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள்வது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை போலிருக்கிறது. பழகிய ஒன்றைச் சும்மா இருக்க வைக்கிறோமே, அதுதான் பெரும்பாடு!

மணப்பாறையில் லோடை இறக்கிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினோம். முதலாளி வாசலிலேயே நின்றார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம் இவரைப் பார்த்தார்.

"நீ மட்டும் வண்டிக் கோளாறுன்னு சொல்லியிருந்தேன்னா, நான் நம்பியிருக்க மாட்டேன் சேகரு. ஷோரூம்ல இருந்து எடுத்துட்டு வந்தப்ப நானும் இதே மாதிரிதான் மிதிச்சேன். கூட வந்த என் சம்சாரம் ரெண்டு நாளு என்கிட்ட பேசல!"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். "காலையில ஜெகதாப்பட்டினம் லோடு இருக்கு. நேரத்தோட வந்துரு" என்று சாவியை இவர் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

இருந்த சந்தோஷத்தில் நன்றி சொல்லக்கூட மறந்துபோனோம். அந்த நல்ல மனுஷருக்கும், கோபம் ஆறி "பாத்துப் போங்க" என்று அனுப்பிவைத்த பால்காரருக்கும், இரும்புக்குள்ளே உட்கார்ந்து இவருக்குப் பதிலாக க்ளட்ச் மிதிக்கிற அந்தக் கம்ப்யூட்டருக்கும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை: "காலையில வெள்ளனவே கெளம்பணும். சோறு கட்டிரு."

விடியுமுன் எழுந்து சோறு கட்ட வேண்டியிருக்கிறதே என்று எத்தனை வருஷம் சலித்துக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? அன்றைக்கு அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துக் கிடந்தவள் நான்தான்!