புகையிலைக்குள் நின்ற மூன்று செடிகள்

மாஸ்டர், என் மனைவியைக் கடைசி மாதத்தில் பட்டினி போட்டது புற்றுநோய் இல்லை. நீங்கள்தான்.

இதை முப்பது வருடமாக வாய்க்குள் வைத்திருந்தேன். போன மாதம் வாசிகசாலை மண்டபத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்து, கஞ்சா வைத்திருப்பவனுக்குப் பிணையே கொடுக்கக் கூடாது, தூக்கில் போட்டாலும் தகும் என்று முழங்கினீர்கள். முன்வரிசை கைதட்டியது. நான் பின்னுக்கு இருந்தேன். எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு மேடையில் பேச வராது. எழுத்தும் பெரிதாக வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல மட்டும் வரும்.

எங்களுக்குக் கலியாணம் நடந்தது எண்பத்துமூன்று ஆவணியில். தெற்கில் அடிபட்டு வந்த சனம் பள்ளிக்கூடங்களில் பாய் விரித்துக் கிடந்த நேரம். மேளம் வைக்க மனம் வரவில்லை. தாலி கட்டினேன், சாப்பிட்டோம், நாலாம் நாள் இரண்டு பேரும் தோட்டத்தில் நின்றோம். புத்தூர்ப் பக்கத்துச் செம்மண். மாரியில் புகையிலை, பிறகு வெங்காயம். புகையிலைக்குள் நாள் முழுக்க நின்றால் கை கறுத்துப் பிசின் ஒட்டும். எத்தனை தரம் கழுவினாலும் அவள் குழைத்துத் தரும் சோற்றில் ஒரு காறல் இருக்கும். குறை சொல்லிப் பார்த்தேன்.

"புகையிலை வித்துத்தானே அரிசி வாங்கினது? ரண்டும் ஒண்டுதான். பேசாமல் தின்னுங்கோ" என்றாள்.

அவள் வாய்க்கு ஊரே பயம். ஊருக்கே அவளைப் பிடிக்கும்.

சுன்னாகம் சந்தைக்கு எங்கள் வெங்காயத்தை ஏற்றிப் போகும் வண்டில்காரர் ஒருவர் இருந்தார். விடியவே கஞ்சா இழுத்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார். ஒருநாள் மாட்டை அவிழ்த்து வேலியில் கட்டினார். பிறகு வண்டிலில் ஏறி இருந்து "ஹை, ஹை" என்று விரட்டினார். சந்தை சிரித்துத் தள்ளியது.

"அண்ணை, வண்டில் இஞ்சை நிக்குது, மாடு அங்கை நிக்குது. நீங்கள் எங்கை நிக்கிறியள்?" என்று இவள் கேட்டாள்.

"நான் சந்தோசமாய் நிக்கிறன் பிள்ளை" என்றார் அவர்.

அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். ஒருவரை அடித்ததில்லை, ஒன்றைக் களவெடுத்ததில்லை. தவறணையில் கள்ளுக் குடித்துவிட்டு வீட்டில் மனிசியை மிதித்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று பேர் இருந்தார்கள். தவறணைக்கு அரசாங்கம் லைசன்ஸ் கொடுத்திருந்தது. என் தகப்பன் சுருட்டுக் குடித்துத் தொண்டை அழுகிச் செத்தார். அந்தச் சுருட்டுக்குரிய இலையை வளர்த்தவன் நான்தான். என்னை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கஞ்சாவுக்குச் சட்டம் அப்போதும் இருந்தது. ஆனால் அது புத்தகத்தில் கிடந்தது, சந்தைக்கு வரவில்லை. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கிறது. எல்லாம் நல்லாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனிசரை அவரவர் செய்த காரியத்தை வைத்துத்தான் சனம் அளந்தது.

பத்து வருடம் அப்படியே ஓடியது. குண்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவில்தான் ஓடியது. ஆனாலும் அது எங்கள் பத்து வருடம். தொண்ணூற்றுமூன்று மாரியில் அவளுக்கு வயிற்றுநோ தொடங்கியது. பொருளாதாரத் தடை இறுக்கிக்கொண்டிருந்த நேரம். மண்ணெண்ணெய் இல்லாததால் இறைக்கிற மெசினைச் சாக்கால் மூடிவிட்டுத் திரும்பவும் கிணற்றுத் துலாவுக்குப் போயிருந்தோம். நான் துலா மிதிப்பேன். அவள் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றுவாள். ஒருநாள் மேலே நின்று பார்க்கிறேன், தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது. இவள் மண்வெட்டியைக் கட்டிப் பிடித்தபடி சேற்றில் இருக்கிறாள்.

யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். கர்ப்பப்பையில் தொடங்கி எல்லா இடமும் பரவிவிட்டது. நோவுக்குரிய நல்ல மருந்து கப்பலில் வந்தால் தருவோம், இப்போது பனடோல்கூட எண்ணித்தான் தருகிறோம் என்றார். கொழும்புக்குக் கொண்டுபோகக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடக்க வேண்டும். அவளால் சைக்கிள் கரியரில் இருக்கவே முடியவில்லை.

ஆனாலும் அந்தச் சைக்கிளில்தான், தலையணையைக் கரியரில் கட்டி, பண்டத்தரிப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பரியாரியார் இருந்தார். நாடி பார்த்தார்.

"தம்பி, இதைச் சுகப்படுத்தேலாது. சாப்பிடப் பண்ணலாம், படுக்கப் பண்ணலாம். அதுக்கு ஒரு லேகியம் தாறன்" என்றார்.

"என்ன போட்டது?" என்று இவள் கேட்டாள்.

"கஞ்சா, பிள்ளை."

"ஐயோ, நான் என்ன வண்டில்காரரோ?"

நோவுக்குள்ளும் சிரித்தாள். பரியாரியாரும் சிரித்தார்.

அடுத்த நாள் காலையில் புன்னைக்காய் அளவு ஒரு உருண்டை கொடுத்தேன். பத்து நாளாகக் கஞ்சித் தண்ணியைக்கூட ஓங்காளித்துத் துப்பியவள். மத்தியானம் படுத்தாள். ஷெல் கேட்டது, எழும்பவில்லை. நாலு மணிக்குக் கண்ணை முழித்து, "இஞ்சாருங்கோ, ஒடியற் கூழ் காய்ச்சுவமே? நண்டு போட்டு?" என்றாள். நான் குருநகர் மீன்சந்தைக்குச் சைக்கிளை மிதித்தேன். நண்டு கிடைக்கவில்லை, திருக்கைதான் கிடைத்தது. பனங்கிழங்கு ஒடியல் மாவைக் கரைத்துக் காய்ச்சியவன் நானானபடியால் உப்புக் கூடிவிட்டது. பிலாவிலையில் கோலி இரண்டு கிண்ணம் குடித்தாள். "கடலையே காய்ச்சிப்போட்டியள்" என்றாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சாப்பாடு நடக்கவில்லை.

லேகியம் ஒன்றரை மாதம் வந்தது. திரும்பப் போனபோது பரியாரியார் வெறும் பரணியைக் காட்டினார். தடைக்குள் மருந்துச் சரக்கு ஒன்றும் வருவதில்லை. ஒரு கடுதாசிச் சுருளில் கொஞ்ச விதை தந்தார். "புகையிலைக்குள்ளை போடு. முத்தினதும் கொண்டு வா, நான் செய்து தாறன். அதுவரைக்கும் இந்தப் பரணி அடியிலை வழிச்சதைக் கொண்டு சமாளி" என்றார்.

மூன்று முளைத்தன. மூன்றையும் நடுத் தோட்டத்தில், புகையிலைக்குள் நட்டேன். புகையிலையும் அவையும் உயரத்தில் ஒன்றாகவே வந்தன. வெளியாருக்குத் தெரிய வழியே இல்லை.

பிழை விட்டது என் கை. புகையிலை பூக்க வெளிக்கிட்டால் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் சத்து இலைக்குப் போய் இலை தடிக்கும். இருபது வருடம் கிள்ளிய கை. நிரையாகக் கிள்ளிக்கொண்டு போனேன், அந்த மூன்றையும் சேர்த்துக் கிள்ளிவிட்டேன். புகையிலை கிள்ளினால் அடங்கும். கஞ்சா கிள்ளினால் அடங்காது. பக்கமெல்லாம் கிளை வெடித்து அகலிக்கும். இரண்டு கிழமையில் மூன்றும் புகையிலையைத் தள்ளி விலத்திக்கொண்டு நின்றன.

வழித்த லேகியத்தின் கடைசி உருண்டையும் முடிந்த கிழமை, அவள் வேலியைப் பிடித்து மெல்ல வந்து பார்த்தாள். "உதென்னப்பா, குடை மாதிரி விரிஞ்சு நிக்குது? உங்களுக்குப் புகையிலையைத் தவிர வேறை ஒண்டும் வளக்கத் தெரியாது" என்றாள்.

அதே கிழமை வரம்பால் பள்ளிக்கூடத்துக்குப் போன நீங்கள் சைக்கிளை நிறுத்தினீர்கள், மாஸ்டர். வீட்டுக்கு வந்தீர்கள். சீனி இல்லை, பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்தீர்கள்.

"தோட்டத்திலை என்னமோ புதுப்பயிர் நிக்குது போலை?" என்றீர்கள்.

நான் பொய் சொல்லவில்லை. படித்த மனிசன், விளங்கும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உள்ளே கட்டிலில் இருந்தபடி, "மாஸ்டர், உது எனக்குத்தான். உங்கடை பள்ளிக்கூடத்துக்கு விக்க மாட்டம்" என்று பகிடி விட்டாள். நீங்களும் சிரித்தீர்கள். "ஓம் ஓம், உடம்பைப் பாரும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறு பேர் வந்தார்கள். அப்போது எங்கள் பக்கத்தில் துவக்கோடு நின்று சட்டம் நடத்திய இயக்கக்காரர். மூன்று செடியையும் வேரோடு பிடுங்கிக் கிணற்றடியில் போட்டு எரித்தார்கள். அவள் கட்டிலை விட்டு இறங்கி வந்து, "தம்பியவை, ஒரு கொப்பையாவது விட்டிட்டுப் போங்கோ" என்று கேட்டாள். யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்காதவள். அவர்களில் ஒருவன் நிலத்தைப் பார்த்தான். மற்றவர்கள் நெருப்பைக் கிளறினார்கள். என்னைக் கட்டியிருந்த சாரத்தோடேயே வாகனத்தில் ஏற்றினார்கள். விசாரித்தவன் ஒரு கடுதாசியைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டான். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். நீங்கள் செயலாளராக இருந்து எங்கள் கமக்காரர் சங்கத்துக் கூட்டக் குறிப்பைப் பல வருடம் எழுதிய கை அது.

தண்டனையாக இருபத்தாறு நாள் அவர்களுக்குப் பங்கர் வெட்டினேன். வீட்டுக்கு வந்தபோது அவள் எலும்பாகக் கிடந்தாள். அயலவர்கள் மாறிமாறி வந்து பார்த்திருக்கிறார்கள். வாயில் வைத்தது ஒன்றும் தங்கவில்லை. பல்லைக் கடித்துக் கடித்து முன்பல் ஒன்று உடைந்திருந்தது. என்னைக் கண்டதும், "புகையிலை வெட்டியாச்சோ?" என்றாள். வெட்டியாச்சு என்றேன். அயலவர்கள்தான் வெட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். அதைச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோனபோது ஒருவரும் மறிக்கவில்லை. ஒன்பது நாளில் அவள் செத்துப்போனாள்.

அன்றிருந்த சட்டமும் போய்விட்டது, அதை நடத்தியவர்களும் போய்விட்டார்கள். அவர்களும் கொழும்பு அரசாங்கமும் எல்லாவற்றிலும் சண்டை பிடித்தார்கள். கஞ்சாவில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். இன்றைக்கும் அதே கதைதான். விழுந்து நாரி எலும்பு முறிந்த மேசன் ஒருவன் நோவுக்கு வைத்திருந்த சின்னக் கஞ்சாச் சரையோடு பிடிபட்டு ரிமாண்டில் கிடக்கிறான். வள்ளத்தில் மூட்டை மூட்டையாக இறக்குபவன் வெள்ளைச் சட்டையோடு திரிகிறான். தண்டனையைக் கூட்டக் கூட்ட அவனுக்குத்தான் விலை கூடும். கள்ளையும் சுருட்டையும் போல இதையும் சட்டத்துக்குள் எடுங்கள். வளர்க்க விடுங்கள். பரியாரியும் டொக்டரும் கொடுக்கட்டும். வளர்ந்தவன் தன் வீட்டில் புகைத்தால் புகைக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்பவனைப் பிடியுங்கள், நானும் வந்து பிடித்துத் தருகிறேன். கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. கெடுதலுக்கு மருந்து மறியல் வீட்டுக் கம்பி இல்லை என்றுதான் சொல்கிறேன்.

மாஸ்டர், மன்னிப்பு எனக்குத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து தனியாகக் கதைக்கவும் வேண்டாம். வாசிகசாலையில் அடுத்த கூட்டம் வைக்கிறீர்களாம். நான் முன்வரிசையில் இருப்பேன். அதே மைக்கில், அதே சனத்துக்கு முன்னால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: அந்த மூன்று செடியையும் பிடுங்க வைத்ததால் இந்த ஊரில் யார் காப்பாற்றப்பட்டார்கள்? ஒரு ஆளைக் காட்டுங்கள்.