ஐந்து மணிக்கு ஆலோசனை தந்த சார்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். மில் ஷிப்ட் விடுகிற நேரமாக இருந்தால் அரை மணி. எங்கள் கடையில் மோடம் கீச்சிட்டு, அறுந்து, மறுபடி கீச்சிட்டு இன்டர்நெட் பிடிப்பதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். அப்படி இருக்க, நன்றாகப் படித்த ஒரு மனிதர், தினமும் தன் முகத்துக்கு நேரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம், "என்னிடம் எதையும் நேரில் கேட்காதீர்கள், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரில் கேளுங்கள்" என்று சொன்னார். பிள்ளைகளும் கேட்டார்கள். அந்தக் கூத்தில் எனக்கும் ஒரு வேலை இருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். ஜெராக்ஸ் உண்டு, பேக்ஸ் உண்டு. முதலாளி ஒரு ராவுத்தர். ஊரில் வேறு யாரும் தொடங்குவதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்று இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு, வாசலில் 'பிரவுசிங் சென்டர்' என்று போர்டு மாட்டினார். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த காலத்தில் விரல் பழகியிருந்தது. அதனால் கம்ப்யூட்டரும் என் பொறுப்பில் வந்தது. வந்த நாளிலிருந்து பயம்தான். எதை அமுக்கினால் எது அழிந்துபோகுமோ, இடி இடித்தால் லைன் வழியாக இறங்கிவிடுமோ என்று ஒவ்வொன்றுக்கும் பயம். மலைப்பக்கம் மேகம் கறுத்தாலே ஒயரை உருவிவிடுவேன்.

அந்த சார் இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த ஒரு கல்லூரியில் வாத்தியார். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். சென்னைக்கு ஏதோ பயிற்சிக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவர், கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார். மாணவர்கள் தங்கள் படிப்பு சம்பந்தமான சந்தேகங்களை திங்களும் வியாழனும் மாலை ஐந்து முதல் ஆறு வரை இன்டர்நெட் அரட்டை வழியாகத் தன்னிடம் கேட்கலாம். இதற்காக வீட்டுக்கோ ஸ்டாப் ரூமுக்கோ வரத் தேவையில்லை. தேவையில்லை என்று தாளில் இருந்ததே தவிர, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார் என்பதுதான் நடப்பு. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு சென்டரில் உட்காருவார். சேத்தூர், ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் கடைக்கு வருவார்கள்.

வந்த ஒருவருக்கும் ஐ.டி. கிடையாது. முதல் திங்கட்கிழமை ஒரு பையனுக்கு ஐ.டி. போட்டு முடிப்பதற்குள் ஐந்து நாற்பது ஆகிவிட்டது. பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். முதலாளி கல்லாவிலிருந்தே சத்தம் கொடுத்தார்.

"ஏலே, ஆளுக்கொண்ணு போட்டுக்கிட்டு இருந்தேன்னா சோலி முடிஞ்சிரும். நம்ம கடை ஐ.டி. ஒண்ணு இருக்குல்ல, அம்புட்டுப் பேரும் அதுலயே கேட்டுட்டுப் போகட்டும்."

"முதலாளி, யாருக்கு யாரு பதிலுன்னு சாருக்குத் தெரியணுமே."

"அவர் படிச்சவர்லே. தெரியாமலா இருக்கும்?"

பக்கத்து வீட்டுக்கு போன் செய்து கூப்பிட்டுப் பேசியே பழகிய ஊர் எங்களுடையது. ஒரு போனில் பத்து வீடு பேசும்போது ஒரு ஐ.டி.யில் பத்துப் பேர் கேட்டால் என்ன என்று எனக்கும் தோன்றிவிட்டது. பிள்ளைகளுக்கு டைப் அடிக்கவும் வராது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் நான் அடிப்பேன். பதில் நாலு நிமிடம் கழித்து வரும். நடுவில் லைன் அறுந்தால் வராது. வந்த பதில்களின் லட்சணம் இப்படி இருந்தது: 'முயற்சி செய்.' 'நன்றாகப் படி.' 'கவலைப்படாதே.' அரியர் பேப்பருக்கு ரீவேல்யுவேஷன் போடலாமா என்று கேட்டவனுக்கு, 'தோல்வியே வெற்றிக்கு அடித்தளம்.' அவன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

"அண்ணே, போடலாம்ங்கறாரா, போடக் கூடாதுங்கறாரா?"

இதற்கெல்லாம் நானும் ஒரு மாதம் தலை நிமிர்ந்து நடந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியம் ஆகாது. காலேஜ் வாத்தியாரோடு வாரம் இரண்டு தடவை பேசுகிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டேன். எட்டாம் வகுப்புக்காரனுக்கு வந்த அந்தப் பவிசை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அப்படி ஒரு திங்கட்கிழமை, சேத்தூரிலிருந்து ஒரு பெண் அவளுடைய அம்மாவோடு வந்தாள். மூன்றாம் வருஷம் பி.எஸ்ஸி. மஞ்சள்காமாலை வந்து ஒன்றரை மாதம் படுத்திருந்திருக்கிறாள். கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது. மெடிக்கல் சர்டிபிகேட்டில் அந்த சார் கையெழுத்துப் போட்டு ஆபீசுக்கு அனுப்பினால்தான் பரீட்சை எழுத முடியும். அந்த லிஸ்ட் வெள்ளிக்கிழமை போகிறது. அன்று மத்தியானம் சர்டிபிகேட்டோடு ஸ்டாப் ரூமுக்கே போயிருக்கிறாள். வாசலிலேயே நிறுத்தி, "எல்லாம் அஞ்சு மணிக்கு அதுல கேளும்மா" என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்துக் கேட்டுப் போனவளை.

"இந்தத் தடவ எழுதலன்னா அப்பா நிறுத்திருவாக அண்ணே," என்றாள். அவளுடைய அப்பா பட்டாளத்திலிருந்து வந்து மில்லில் வாட்ச்மேனாக இருந்தார். "படிச்சது போதும், மாப்பிள்ளை பாக்கேன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காக."

முழுவதையும் அடித்தேன். காமாலை, சர்டிபிகேட், வெள்ளிக்கிழமை, கையெழுத்து. அவளுக்கு முன்னால் ஒரு பையன் மேஜர் பாடத்தை மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். அவனுக்குப் பதில் வந்ததா இல்லையா என்று தெரியாதபடி லைன் ஒரு தடவை அறுந்து ஒட்டியது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது. 'இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.'

அவள் அதைப் படித்தாள். அம்மாவைப் பார்த்தாள். "சரிண்ணே. சாரே சொல்லிட்டாக," என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பதில் இவளுக்கா, அந்தப் பையனுக்கா? நான் தப்பாக அடித்துவிட்டேனா? செவ்வாய், புதன் இரண்டு நாளும் இதே கேள்வி. முதலாளியிடம் சொன்னேன்.

"உனக்கு என்னலே வந்துச்சு? கேட்டது அந்தப் பிள்ள, சொன்னது அவரு. நீ நடுவுல இருக்க ஒயரு."

ஒயருக்கு இதெல்லாம் உறைக்காது. எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை நாலு மணிக்கு, "முதலாளி, இன்னைக்கு ஒரு நாள் நீங்க டைப் அடிங்க, நான் செத்த நேரம் வில்லிபுத்தூர் போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தேரடிப் பக்கத்து சென்டரைக் கண்டுபிடித்து உள்ளே போனபோது மணி ஐந்தே கால். சார் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டைப் அடித்தது அங்கே வேலை பார்த்த ஒரு பெண். அவருக்கும் டைப் அடிக்க வராது. அவர் வாயால் சொல்ல, அவள் அடித்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இத்தனை நாளும் நானும் அந்தப் பெண்ணும்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் பின்னால் நின்றேன். திரையில் எங்கள் கடை ஐ.டி. மின்னியது. எழுத்துகள் விடுபட்டு வந்ததிலிருந்தே, முதலாளி ஒற்றை விரலால் அடிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

சார் சிரித்தார். "பாரும்மா, வந்துட்டான் பாளையத்துக்காரன். இன்னைக்கு என்ன கதை?"

"ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்லையாம் சார்."

"போன வாரம் வீட்ல இருந்து வாரேன்னான். இப்ப ஹாஸ்டலா? ஒரு நாளு அரியர்ங்கான், ஒரு நாளு மேஜரை மாத்தணும்ங்கான், திங்கக்கிழமை மஞ்சக்காமாலைன்னான். காமாலைக்காரன் வாரம் ரெண்டு தடவை கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவானா? நானும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு போட்டு விட்டேன்."

ஒரு மாதமாக அத்தனை பேரையும் ஒரே ஆளாக, அதுவும் பொய் சொல்கிற ஒரே ஆளாக நினைத்து ஆலோசனை சொல்லியிருக்கிறார். அந்த ஆள் யார், எந்த வகுப்பு, பெயர் என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. நேரில் பார்த்தால் கேட்டிருப்பார். நேரில் பார்க்காமல் இருக்கத்தானே இந்த ஏற்பாடு.

"சார்," என்றேன். "அது ஆள் இல்ல சார். கடை. நான் அந்தக் கடைலதான் வேலை பாக்கேன். எல்லாப் பிள்ளைகளும் அதுலதான் கேக்காக."

திரும்பிப் பார்த்தார். டைப் அடித்த பெண் கையை எடுத்துவிட்டாள்.

"இதை முதல்லயே தெரிவிக்க வேண்டாமா? ஒரு முறைன்னு இருக்குல்ல?"

"தப்புதான் சார். அந்தக் காமாலைப் பிள்ள நிசம் சார். திங்கக்கிழமை மத்தியானம் உங்க ஸ்டாப் ரூம் வாசல்ல சர்டிபிகேட்ட வச்சுக்கிட்டு நின்னுச்சே, அந்தப் பிள்ளதான். நாளைக்கு லிஸ்ட் போயிரும்."

அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். பிறகு சொன்னார். "சரி, விவரத்தை அதுல முறையா அனுப்பச் சொல்லுங்க. பாக்கலாம்."

நான் படிக்காதவன். வாத்தியார் என்றாலே இன்றும் கை தானாகக் கட்டிக்கொள்ளும். ஆனால் அந்த இடத்தில், டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த மரியாதை முழுவதும் வடிந்துபோனது. வடிந்ததும் பயமும் கொஞ்சம் குறைந்தது.

"அனுப்புறதுக்கு அடுத்த திங்கக்கிழமை ஆயிரும் சார். நாளைக்கு எத்தன மணிக்கு வந்தா நீங்க கையெழுத்துப் போடுவீக? அதச் சொல்லுங்க, நான் இப்பவே சேத்தூர் போறேன்."

அந்த சென்டர் முதலாளி, டைப் அடித்த பெண், பக்கத்து நாற்காலியில் ஒருவர் என்று மூன்று பேர் அவரைப் பார்த்தார்கள். அதனால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். "ஒம்பதரைக்கு வரச் சொல்லுங்க."

அங்கிருந்து ராஜபாளையம், அங்கிருந்து சேத்தூர். விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்குப் போட்டிருந்தார்கள். வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு, யாரென்று தெரியாத ஒருவன் போய் நிற்கிறான். அவளுடைய அப்பா மில்லுக்குக் கிளம்பக் காக்கிச் சட்டையில் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாருப்பா நீ? என்ன சோலியா வந்தே?"

சொன்னேன். தடுமாறித் தடுமாறி, முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். அவர் கடைசிப் பட்டனையும் போட்டுவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்த வாத்தியாரு இவள யாருன்னு நெனச்சாரு?"

"வேற ஒரு பையன்னு நெனச்சிட்டாரு அய்யா. அப்படி ஒரு பையனே கிடையாது."

"இல்லாத பையனுக்கு எம்பிள்ள ஒரு வருசத்த விடணுமாக்கும்," என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஏட்டி, அந்தச் சர்டிபிகேட்ட எடுத்து வையி. காலைல நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார். மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். எது அவரைத் திருப்பியது என்று எனக்குத் தெரியவில்லை. தன் பிள்ளையை ஒருவன் பொய்க்காரியாக்கிவிட்டானே என்ற கோபமாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு கடை ஐ.டி.யில் யாரும் கேட்கக் கூடாது என்று கல்லூரியில் புதுத் தாள் ஒட்டினார்கள். ஆளுக்கொரு ஐ.டி. போட யாருக்கும் பொறுமை இல்லை. ஐந்து மணி ஆலோசனை அத்தோடு நின்றது. அந்த வருஷம் கல்லூரி ஆண்டு விழாவில், கம்ப்யூட்டர் வழியாக நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு வழிகாட்டியவர் என்று சாருக்குச் சால்வை போட்டார்களாம். நூறு பேர் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பரீட்சைக்கு முந்தின வாரம் அந்தப் பெண் ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். அன்றைக்கு ஒன்பதரைக்குப் போனவர்களைப் பதினொன்றே முக்கால் வரை நிற்க வைத்துத்தான் கையெழுத்துப் போட்டாராம்.

"போடுறப்ப என்ன சொன்னாரு தெரியுமாண்ணே? இம்புட்டு முக்கியமான விசயத்த ஏம்மா நேர்ல வந்து சொல்லலன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கெங்க விட்டாக? அப்பாதான் வாயத் தொறந்தாக. நான் கையப் பிடிச்சுக்கிட்டேன். சீல் குத்தி முடிக்கட்டும், பொறவு பேசிக்கலாம்னு."

"பொறவு அப்பா பேசினாரா?"

"இல்லண்ணே. சீல் குத்தினதும் அப்பா அந்தத் தாளை வாங்கிப் பாத்தாக, சார ஒரு தடவ பாத்தாக, வா போலாம்னுட்டாக."