ராஜகிரி அடிவாரத்தில் ஒரு வாக்கெடுப்பு

முடியும். இருபத்திரண்டு மாணவிகளோடு ஒரே நாளில் செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளில் இரண்டில் ஏறலாம். நாங்கள் ஒன்றில்தான் ஏறினோம். அதற்குக் காரணம் மலை அல்ல.

போனது 1964 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை. திண்டிவனத்தில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூகப் பாடம் எடுக்கிறேன். புத்தகத்தில் கோட்டைக்கு அரைப் பக்கம். பஸ்ஸில் போனால் பதினேழு மைல். அரைப் பக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

முந்தின நாள் பத்மாவதியின் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். தொண்டூர்க்காரர், விவசாயி, சமணர். பெண் திண்டிவனத்தில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறாள்.

"பொழுது சாஞ்சா இந்தப் பொண்ணு எதையும் வாயில வைக்கக்கூடாது, டீச்சரம்மா. எங்க வழக்கம். அது ஒண்ணுதான் பாத்துக்குங்க."

வெளிச்சத்திலேயே சாப்பிட வைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

காலை ஆறரை பஸ். எட்டு மணிக்குச் செஞ்சி. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சைவ ஓட்டலில் ராத்திரிக்கு இட்லி சொல்லி வைத்தேன். அங்கிருந்து கோட்டைக்கு நடை. முதலில் சின்ன மலையான கிருஷ்ணகிரி. அது தவறு, பின்னால் சொல்கிறேன். இறங்கி, கல்யாண மகால் அருகே புளியமர நிழலில் தயிர்சாதம். பிறகு மூன்று மலைகளையும் அவற்றை இணைக்கும் மதிலையும் வரைபடமாக வரையச் சொன்னேன். நான் நினைத்ததைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. யாருக்கும் மதில் நேராக வரவில்லை. எனக்கும்.

மூன்றரைக்கு ராஜகிரி அடிவாரம். கோட்டைக் காவலர் மலையையும் எங்களையும் பார்த்தார்.

"ஏறி எறங்க மூணு மணி நேரம் ஆவும்மா. கீழ வர்றதுக்குள்ள இருட்டிக்கும்."

அந்த வாரம்தான் பெரும்பான்மை பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். மேலே போகலாமா, ஊருக்குத் திரும்பலாமா? கை தூக்கச் சொன்னேன். மேலே போக இருபத்திரண்டு கை. ஏகமனது. கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"டீச்சர், பத்மா ஓட்டு செல்லாது," என்றாள் வகுப்புத் தலைவி கஸ்தூரி.

"ஏன் செல்லாது?" என்றாள் பத்மா.

"உனுக்கு ராத்திரி பட்டினிடி. தெரிஞ்சுக்கினே தூக்கறியா?"

"என் வயிறு. உனுக்கின்னா?"

"வயிறு உன்னுது. உங்க நைனாவுக்குப் பதில் சொல்றது டீச்சர் இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் தகப்பனாருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. குரங்குகளுக்குப் பயந்து, மதியத் தயிர்சாதத்தைத் தவிரப் பொட்டலம் எதுவும் எடுத்துவர விடவில்லை. மேலே சாப்பிட ஒன்றும் இல்லை.

"எனக்குப் பட்டினி பழக்கம்தான் டீச்சர்," என்றாள் பத்மா. "ஊருக்குப் போறப்பல்லாம் பஸ்லேருந்து பாக்கறேன் இந்த மலைய. ஒரு தடவகூட ஏறினதில்ல."

"இது ஓட்டுக்கு விடும் விஷயம் இல்லை," என்றேன். "திரும்புகிறோம்."

"அப்ப எதுக்குக் கை தூக்கச் சொன்னீங்க?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யாரென்று நான் பார்க்கவில்லை.

இரண்டு மைல் திரும்பி நடந்தோம். ஐந்து மணிக்கு ஓட்டலில் இலை போட்டார்கள். வாசலில் நல்ல வெயில். பத்மா தலை நிமிரவில்லை.

"சாப்புடுடி," என்றாள் கஸ்தூரி. "ஒரு மலைய குடுத்து வாங்கின இட்லி."

பத்மா சாப்பிட்டாள். இரண்டு இட்லி. என் வாக்கு நிறைவேறியது.

ஆறு மணி பஸ். திண்டிவனத்தில், மாமன் வீட்டிலேயே தங்கிவிட்ட தகப்பனார் சைக்கிளோடு நின்றிருந்தார்.

"உச்சி வரைக்கும் போனீங்களா?"

நேரமாகிவிட்டது, இவள் வெளிச்சத்தில் சாப்பிட வேண்டுமே, அதனால் திரும்பிவிட்டோம் என்றேன்.

"இம்மாந் தூரம் போயா?" அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "இருட்டுல குடுக்காதீங்கன்னுதானே சொன்னேன். ஒரு வேள இல்லன்னா இன்னா? அஷ்டமி, சதுர்த்தசின்னா எங்க வூட்ல எல்லாரும் ஒரு வேளதான். இது ஏழு வயசுலேருந்து விரதம் இருக்குது."

"நான் கை தூக்கினேன் நைனா," என்றாள் பத்மா. "கணக்குல சேக்கல."

சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். போய்விட்டார்கள்.

போக இருக்கும் ஆசிரியர்களுக்கு, நான் இரண்டாம் முறை போய்க் கற்றவை: ராஜகிரியைக் காலையில், வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்று. தண்ணீர் கையோடு இருக்கட்டும். குரங்குகள் பையைத்தான் பிடுங்கும். சாப்பாட்டை மூடி போட்ட தூக்குவாளியில் கொண்டுபோகலாம். உச்சிக்குச் சற்று முன் ஒரு பிளவு, அதன்மேல் பாலம். ஒருவர் பின் ஒருவராக விடுங்கள். வரைபடம் வரைவதை உச்சியில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கிருந்து பார்த்தால் மதில் எங்கே வளைகிறதென்று தெரிகிறது.

வாக்கெடுப்பு பற்றி எனக்கு இன்னும் தெளிவில்லை. எதை ஓட்டுக்கு விடலாம், எதை விடக்கூடாது. புத்தகத்தில் இல்லை. ஒருத்தியின் நன்மைக்காக என்று நினைத்து, அவள் சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை. இவ்வளவுதான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை முதல் பிரிவேளையில், ராஜகிரிக்குப் போகலாமா என்று மறுபடியும் கை தூக்கச் சொன்னேன். பத்மாவிலிருந்து எண்ணத் தொடங்கினேன். இருபத்திரண்டு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்கு அனுமதி கேட்கத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.